அக்காவும் மணிக்காரனும்

மணிக்காரன் முகமூடியைத் தூக்கினால் இன்றைக்கும் எனக்குப் பயம்தான். வயது நாற்பதை நெருங்குகிறது. சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்ட் பக்கம் சொந்தமாக ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். பரீட்சை முடிவு வரும் நாளில் கடை முன்னால் நெருக்கியடிக்கும் கூட்டத்தை ஒற்றை ஆளாகச் சமாளிப்பவன். அப்பேர்ப்பட்ட நான், ஒரு வீடியோ கேம் வில்லன் கையிலிருக்கும் மணியை உயர்த்தினால் பாயோடு பின்னால் நகர்ந்துவிடுவேன். சொன்னால் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். அவனோடு மல்லுக்கட்டிப் பார்த்தவர்களுக்குத்தான் அது புரியும்.

அவன் யாரென்று முதலில் சொல்லிவிடுகிறேன். அது பல பாகங்களாக வந்த விளையாட்டு. ஒரு பாகம் வந்தால் அடுத்ததற்கு வருஷக்கணக்கில் காத்துக் கிடக்க வேண்டும். ஒவ்வொன்றிலும் கதை வேறு, நாடு வேறு. நாம் ஒரு சின்னக் கூட்டத்தை நடத்திக்கொண்டு போவோம். வாள்காரன், வில்காரி, மந்திரக்காரக் கிழவர், காயத்துக்கு மருந்து போட ஒரு வைத்தியச்சி. சண்டை முறை வைத்து நடக்கும். நம் ஆட்கள் ஒரு சுற்று, எதிராளி ஒரு சுற்று. நம் முறை வந்தால் அவசரமே இல்லை, காபி குடித்துவிட்டு வந்துகூட யோசித்து அடிக்கலாம்.

வில்லன் மட்டும் எல்லாவற்றிலும் அவனேதான். ஒரு பாகத்தில் மந்திரியாக வருவான். இன்னொன்றில் கப்பல் தலைவன். ஒன்றில் நாயகனுக்குச் சோறு போட்டு வளர்த்த நல்லவனாகவே வந்து எங்களை ஏமாற்றிவிட்டான். வேஷம் எதுவானாலும் கடைசிக் கோபுரத்தின் உச்சியில் அதைக் கழற்றிப் போட்டுவிட்டு வெள்ளை அங்கியும் வெண்கல முகமூடியும் கையில் மணியுமாக நிற்பான். எங்கள் சித்தப்பா துபாயிலிருந்து கொண்டு வந்த பழைய கேம் மெஷினில் முதல் பாகம் ஜப்பான் மொழியில் இருந்தது. ஓர் எழுத்து புரியாது. அதனால் அவனுக்குப் பெயர் வைக்கும் பொறுப்பு எனக்கும் அக்காவுக்கும் வந்து சேர்ந்தது. அக்கா பூசாரி என்றாள். அம்மா சாமிக் குத்தம் என்று சத்தம் போட்டதால் மணிக்காரன் ஆக்கினோம்.

எத்தனை பாகம் வந்தாலும் அவனுடைய அந்தப் பெரிய அடி மட்டும் மாறவே மாறாது. முதலில் வானம் கருக்கும். அதுவரை சண்டைக்கு அடித்துக்கொண்டிருந்த மேளதாளமெல்லாம் அடங்கிவிடும். மணிக்காரன் முகமூடியை மெல்லத் தூக்குவான். உள்ளே முகமே இருக்காது, வெறும் வெளிச்சம். மணி ஒரு முறை அடிக்கும். நமக்கு ஒரு சுற்று கிடைக்கும். மறுபடி மணி, மறுபடி நமக்கு ஒரு சுற்று. மூன்றாவது மணி அடித்ததும் திரை முழுக்க வெள்ளையாகி, திரும்பத் தெளியும்போது நம் ஆட்கள் எல்லோருக்கும் உயிர்ப் புள்ளி ஒன்றுதான் மிச்சம் இருக்கும். ஆயிரக்கணக்கில் சேர்த்து வைத்திருப்போம், அத்தனையும் போய் ஒன்று. அதற்குப் பிறகு அவன் சும்மா விரலால் சுண்டினாலே ஆள் காலி.

இங்கிலீஷில் வந்த பாகங்களில் அந்த அடிக்கு என்னவோ நீளமான பெயர் போட்டிருந்தார்கள். எங்கள் வீட்டில் அதற்குப் பெயர் ஒத்த உசுரு. பேச்சிலேயே அது கலந்துவிட்டது. கரண்ட் பில் கட்டிய அன்றைக்கு அப்பாவின் சட்டைப் பையைப் பார்த்து நாங்கள் இரண்டு பேரும் ஒத்த உசுரு என்று சொல்லிச் சிரிப்போம். அப்பாவுக்கு ஒன்றும் விளங்காது.

அக்கா என்னைவிட மூன்று வயது மூத்தவள். ஆட்டத்தில் என்னைவிடக் கெட்டி. எந்தக் குகையில் எந்தச் சாவி, எந்த ராட்சசனுக்கு நெருப்பு ஆகாது எல்லாம் அவளுக்கு மனப்பாடம். யூடியூபில் விடை பார்க்கக்கூடாது என்று சட்டம் போட்டவளும் அவள்தான். பார்த்து எழுதினால் அது பரீட்சையா என்று கேட்பாள். கோபுரத்தின் உச்சி வரை அவள் கையில்தான் கன்ட்ரோலர் இருக்கும். வானம் கருத்ததும் அதை என் மடியில் போட்டுவிட்டு, "நீ அடிலே, என்னால பாக்க முடியாது" என்று தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொள்வாள்.

அதனால் ஒரு பாகத்தில்கூட மணிக்காரனை அவள் கையால் வீழ்த்தியதில்லை. கொஞ்சம் பயம், மிச்சம் விதி. முதல் பாகத்தில் கோபுரத்து உச்சிக்கு வந்த அன்று ராயகிரியிலிருந்து அவளைப் பெண் பார்க்க வந்துவிட்டார்கள். புடவை கட்டிக்கொண்டே கதவிடுக்கு வழியாக எட்டிப் பார்த்து மருந்து கொடு, மருந்து கொடு என்று எனக்குச் சாடை காட்டினாள். அடுத்த பாகம் வந்தபோது பிரசவத்துக்கு வந்திருந்தாள். முதல் மணி அடித்ததும் அவளுக்கு வலி எடுத்துவிட்டது. ஆட்டோவில் ஏற்றும்போதும், "எல்லாருக்கும் உசுர நெறச்சுக்கோலே" என்று கத்திக்கொண்டேதான் போனாள். ஆட்டோக்காரர் பயந்துபோய் என்னைத் திரும்பிப் பார்த்தார். பிறகு வந்த பாகங்களை அவள் ஊருக்குப் போன பிறகு நான்தான் முடித்தேன். எனக்குத் தெரிந்தது ஒரே வழி. காட்டில் கிடந்து சில்லறை ராட்சசர்களை அடித்து அடித்து என் ஆட்களைக் கொழுக்க வைப்பேன். அப்புறம் மருந்து மூட்டையோடு மேலே ஏறி, செத்தவனை எழுப்பி, எழுந்தவனை அடிக்க விட்டு, எப்படியோ ஒப்பேற்றிவிடுவேன். வெற்றி வெற்றிதான், ஆனால் பார்க்கச் சகிக்காது.

போன வருஷம் புதிய பாகம் வந்தது. இதுதான் கடைசி, இனிமேல் இந்தத் தொடர் கிடையாது என்று கம்பெனியே சொல்லிவிட்டது. செய்தியைப் பார்த்த அன்று, அக்கா வாக்கப்பட்ட ராயகிரிக்கு போன் போட்டேன். நிஜம்தானா என்று அக்கா இரண்டு தடவை கேட்டாள். பிறகு, ஆடித்தபசுத் திருவிழாவுக்கு வருவேன், அதுவரை கோபுரத்தில் கால் வைத்தால் காலை ஒடித்துவிடுவேன் என்றாள். இந்தத் தடவை அவனைத் தன் கையாலேயே அடிக்க வேண்டுமாம். சரி என்று கோபுரத்து வாசலிலேயே என் கூட்டத்தை நிறுத்திவைத்துவிட்டுக் காத்திருந்தேன். அந்த நாட்களில் கடையில் எனக்கு வேலையே ஓடவில்லை. ஆதார் அட்டையை முன்பக்கம் மட்டும் எடுத்துக் கொடுத்து வாடிக்கையாளரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

தபசு அன்று ஊர் எப்படி இருக்கும் என்று எங்கள் ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டாம். பஸ் எல்லாம் ஊருக்கு வெளியிலேயே நின்றுவிடும். குருவிகுளம், இளையரசனேந்தல் பக்கத்துச் சனமெல்லாம் அம்மன் சப்பரத்தில் வீசுவதற்குப் பருத்தியும் மிளகாய் வத்தலும் மடியில் கட்டிக்கொண்டு நடந்து வரும். ஊருக்கே லீவு, என் கடைக்கும் லீவு. மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் அப்பாவும் அத்தானும் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கோயில் பக்கம் இடம் பிடிக்கப் போய்விட்டார்கள். அம்மா அடுப்படியில் மாவிளக்குக்கு மாவு இடித்துக்கொண்டிருந்தாள். சாயங்காலம் சாமி அம்மனுக்குக் காட்சி கொடுக்கும் நேரத்துக்கு நாங்கள் அம்மாவோடு கிளம்ப வேண்டும். மறுநாள் காலையில் அக்கா ராயகிரிக்குப் போய்விடுவாள், நாற்று நடவு கிடக்கிறது. அடுத்து அவள் வருவது பொங்கலுக்கு. அதுவரை நான் கை கட்டிக்கொண்டு இருக்க மாட்டேன் என்பது அவளுக்கும் தெரியும். ஆக, அந்த ஒரு மத்தியானம்தான். கோபுரத்துக்குள் ஏறிவிட்டால் சேவ் பண்ணவும் முடியாது. தோற்றால் அடிவாரத்திலிருந்து திரும்ப ஏற வேண்டும், அதற்கு நேரம் கிடையாது.

அக்கா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு டிவி முன்னால் உட்கார்ந்தாள். ஏறினாள் பாருங்கள், அப்படி ஓர் ஏற்றம். நடவு வேலை செய்து காய்ப்பேறிய விரல்கள் பொத்தான்களில் பறந்தன. படிக்கட்டுக் காவலர்கள் வந்த சுவடு தெரியாமல் போனார்கள். நான் பக்கத்தில் உட்கார்ந்து முறுக்கைக் கடிக்க மறந்து கையிலேயே வைத்திருந்தேன். தெருவில் கொட்டுச் சத்தமும் திருவிழா மைக்கும் கேட்டுக்கொண்டே இருந்தன. எங்களுக்குள்ளே அதைவிடப் பெரிய திருவிழா நடந்துகொண்டிருந்தது.

உச்சியில் மணிக்காரன் இந்த முறை ஓர் அரசியின் உருவத்தில் இருந்தான். கிரீடம் உருண்டு விழுந்து வெண்கல முகம் வெளியே வந்ததும் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கூவிவிட்டோம். சந்தோஷம் என்றால் அப்படி ஒரு சந்தோஷம். எத்தனையோ வருஷமாக நம்மை வதைத்த ஆளை மறுபடி பார்ப்பதில் இவ்வளவு மகிழ்ச்சி இருக்கும் என்று யார் எதிர்பார்த்தார்கள்.

அக்கா நன்றாகத்தான் அடித்தாள். கொஞ்ச நேரத்தில் வானம் கருத்தது. முகமூடி மேலே போனது. முதல் மணி. அக்கா எங்கள் வழக்கப்படியே செய்தாள். வைத்தியச்சியை விட்டு எல்லோருக்கும் உயிரை நிறைத்தாள், மற்றவர்களைக் கேடயத்துக்குப் பின்னால் ஒடுங்க வைத்தாள். இரண்டாவது மணிக்கும் அதே. மூன்றாவது மணி, வெள்ளை, ஒத்த உசுரு. உடனே மருந்து ஊற்றி நிமிர்வதற்குள் அவன் முகமூடியை இறக்கிக்கொண்டு வாள்காரனையும் கிழவரையும் படுக்க வைத்துவிட்டான். அவர்களை எழுப்பி நிறுத்துவதற்குள் மருந்துப் பையில் பாதி காலி. மணிக்காரனுக்கோ இன்னும் பாதிக்கு மேல் உயிர் இருந்தது.

அவன் மறுபடி மணியை உயர்த்தினான். திரையில் வானம் கருத்தது.

என் கை தானாக கன்ட்ரோலரை நோக்கி நீண்டது. பழக்கதோஷம். அக்கா அந்தக் கையில் பளாரென்று ஓர் அடி வைத்தாள். வலித்தது, ஆனால் எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. அந்த மத்தியானம் முழுக்கத் தலையணை பக்கம் அவள் திரும்பவே இல்லை. மணி ஒரு முறை அடித்து, நம் முறை வந்து, ஆட்டம் எங்களுக்காகக் காத்து நின்றது. அவள் கன்ட்ரோலரை மடியில் வைத்துக்கொண்டு முகமில்லாத அந்த வெளிச்சத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏலே, இருட்டுனா நாம ஏன் மூடுதோம்?" என்று கேட்டாள்.

எனக்குச் சட்டென்று விளங்கவில்லை. வேறு என்ன செய்ய முடியும் என்று கேட்டேன். அப்புறம் அவள் எதைச் சொல்கிறாள் என்று புரிந்தது. எங்கள் சொந்த ஊர் குருவிகுளத்தைத் தாண்டி வானம் பார்த்த பூமியில் இருக்கிறது. மிளகாய்தான் வெள்ளாமை. பழம் பறித்து களத்தில் காயப்போட்டிருக்கும்போது வானத்தில் ஒரு கருப்பு கண்ணில் பட்டால் போதும், சாப்பிடுகிற தட்டை அப்படியே வைத்துவிட்டு மொத்தக் குடும்பமும் ஓடும். ஒருவர் தார்ப்பாய், ஒருவர் சாக்கு, ஒருவர் சேலை. ஒரு தூறல் விழுந்தால் வத்தல் கருத்துப் போகும், வருஷ உழைப்பு போய்விடும். சின்ன வயதில் லீவுக்குப் போன நாட்களில் நாங்களும் ஓடியிருக்கிறோம். இருட்டினால் மூடு. வேறு யோசனையே எங்கள் வம்சத்துக்குக் கிடையாது. அந்தப் புத்தியோடுதான் ஒவ்வொரு பாகத்திலும் வானம் கருத்ததும் கேடயத்தைத் தூக்கியிருக்கிறோம்.

"எங்க ஊர்ல மேகம் கருத்தா மம்பட்டியத் தூக்கிட்டு வெளிய போவாவ," என்றாள் அக்கா.

எங்க ஊர் என்று அவள் சொன்னது ராயகிரியை. அது மலையடிவாரம், நெல் விளைகிற வயல். கல்யாணமாகிப் போன புதிதில் வானம் இருட்டியதும் இவள் தார்ப்பாயைத் தேடி வீடு முழுக்க ஓடியிருக்கிறாள். மாமியார் வீட்டில் எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்களாம். அங்கே மழைக்கு முன்னால்தான் வேலையே. வரப்பு வெட்ட, மடை திறக்க, ஆணும் பெண்ணும் வயலுக்குப் போவார்கள். இவளும் இத்தனை வருஷமாகப் போய்க்கொண்டிருக்கிறாள். அவள் சொல்லச் சொல்ல எனக்கும் பிடிபட்டது. திரையைப் பார்த்தேன். வெண்கல முகமூடி மேலே தூக்கிக் கிடந்தது. முகமூடி இருக்கும்போது நம் அடியில் பாதிதான் அவனுக்கு இறங்கும், அது எங்களுக்கு முதல் பாகத்திலிருந்தே தெரியும். அதைத் தூக்கி வைத்திருக்கிறானே, இப்போது அடித்தால் என்ன ஆகும் என்று ஒருநாளும் நாங்கள் அடித்துப் பார்த்ததில்லை.

இருந்தாலும் எனக்குப் பயம் விடவில்லை. அடித்து அவன் விழவில்லை என்றால் மொத்தக் கூட்டமும் போய்விடும், உயிரையாவது நிறைத்து வைத்துக்கொள் என்று கெஞ்சினேன்.

"நெறச்சு வச்சாலும் ஒன்னாத்தானலே ஆக்குதான். அப்பொறம் எதுக்கு நெறைக்கணும்?"

வெட்கமாக இருந்தது, சிரிப்பும் வந்தது. ஒன்றுக்கும் உதவாத வேலையை எவ்வளவு சிரத்தையாகச் செய்திருக்கிறோம்.

அக்கா வாள்காரனை விட்டாள். வாள் அந்த வெளிச்சத்துக்குள் இறங்கியது. மேலே எழும்பிய எண்ணைப் பார்த்து நான் எழுந்தே நின்றுவிட்டேன். அதுவரை நாங்கள் பார்த்திராத எண். கிழவரின் நெருப்பு அதற்கும் மேலே. வில்காரியின் அம்பு போய்த் தைத்ததும் மணிக்காரன் தள்ளாடினான். இத்தனை பாகத்தில் அவன் தள்ளாடி நாங்கள் பார்த்ததே இல்லை. இரண்டாவது மணி அடித்தது. அக்கா மறுபடி அதே மாதிரி மூன்று பேரையும் விட்டு அடித்தாள். நான் என்ன கத்தினேன் என்று எனக்கே தெரியாது. அடுப்படியிலிருந்து அம்மா உலக்கையை நிறுத்திவிட்டு என்னவென்று கேட்டாள்.

மூன்றாவது மணியும் அடித்துவிட்டது. அவன் விழவில்லை. திரை வெள்ளையாகித் தெளிந்தபோது நால்வருக்கும் ஒவ்வோர் உயிர். அவனுடைய உயிர்க் கோட்டிலும் நூல் அளவுதான் மிச்சம். அடுத்து அவன் முறை வந்தால் முகமூடி இறங்கும், நாங்கள் முடிந்தோம். வெள்ளைக்குப் பிறகு நமக்கு முழுச் சுற்று கிடைக்காது, அவனுக்கு முன் எங்களில் ஒரே ஒருவருக்குத்தான் முறை. யாரென்று பார்த்தேன், வைத்தியச்சி. எனக்கு மனசு விட்டுப்போயிற்று. இந்தத் தொடரில் எந்த வைத்தியச்சியும் யாரையும் அடித்ததில்லை. நாங்கள் அடிக்க விட்டதில்லை. அவள் வேலை மருந்து போடுவது. கையில் ஆயுதம் என்று ஒரு ஊன்றுகோல், அவ்வளவுதான்.

மருந்து கொடுத்தால் ஒரு ஆளாவது தப்புவான் என்று நான் முனகினேன். அக்கா காதில் வாங்கவில்லை. பட்டியலில் மருந்து, மந்திரம் எல்லாவற்றையும் தாண்டி மேலே போய், அடி என்பதில் நிறுத்தினாள். அழுத்தினாள்.

வைத்தியச்சி பாவம் குடுகுடுவென்று ஓடினாள். ஊன்றுகோலை ஓங்கி அந்த வெளிச்சத்தின் நடுவில் ஒன்று போட்டாள். மணி அவன் கையிலிருந்து நழுவித் தரையில் விழுந்து உருண்டது. அப்புறம் மணிக்காரன் முழந்தாளிட்டு, அப்படியே உதிர்ந்து போனான். வானம் வெளுத்தது.

நான் போட்ட கூச்சல் திருவிழா மைக்குக்கே கேட்டிருக்கும். அக்காவைத் தோளோடு பிடித்து உலுக்கினேன். அவள் அழுதுகொண்டிருந்தாள், சிரித்துக்கொண்டும் இருந்தாள், மூக்கை முந்தானையில் துடைத்துக்கொண்டு ஊன்றுகோலாலே, ஊன்றுகோலாலே என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். வாழ்க்கையில் நான் எத்தனையோ நல்ல செய்தி கேட்டிருக்கிறேன். கடை திறந்த அன்றுகூட இவ்வளவு சந்தோஷப்பட்டதாக ஞாபகம் இல்லை. காட்டில் கிடந்து ஆட்களைக் கொழுக்க வைக்கவில்லை, மருந்து மூட்டையை நம்பவில்லை. நேருக்கு நேராக நின்று அடித்திருக்கிறாள்.

அம்மா மாவிளக்குத் தட்டும் வத்தல் பொட்டலமுமாக வாசலுக்கு வந்துவிட்டாள். "ஏட்டி, அங்கன காட்சி ஆரம்பிச்சிருவாங்க, இன்னும் என்ன டிவி?" என்று விரட்டினாள். இதோ, இதோ என்று நான் சமாளித்தேன். திரையில் ஒரு கல்வெட்டு வந்து நின்றது. வென்றவர் பெயரைப் பொறிக்க வேண்டுமாம். என் வெற்றிகளில் எல்லாம் அப்பாவின் இனிஷியலைப் போட்டு, புள்ளி வைத்து, என் பெயரை அடித்து முடித்திருந்தேன். பள்ளிக்கூடத்திலிருந்து அப்படித்தானே எழுதுகிறோம்.

அக்கா கன்ட்ரோலரால் ஒவ்வோர் எழுத்தாகத் தேடித் தேடி வைத்தாள். அம்மா வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு முணுமுணுத்தாள். கடைசி எழுத்தும் வந்து பெயர் முழுசாக நின்றது. முன்னால் ஒன்றும் இல்லை.

இனிஷியல் போடவில்லையே என்று கேட்டேன். கேட்ட பிறகுதான் எந்த இனிஷியல் என்று எனக்கே குழப்பமாகிவிட்டது. அப்பாவுடையதா, அத்தானுடையதா என்றேன்.

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தாள். கண் இன்னும் ஈரமாக இருந்தது.

"அடிச்சது நான்தானலே," என்றாள். "அவிய ரெண்டு பேரும் கோயில்ல இடம் பிடிச்சிட்டுல்லா நிக்காவ."

சொல்லிவிட்டுப் பொத்தானை அழுத்தினாள். கல்லில் அவள் பெயர் மட்டும் ஏறியது.